திரை வேறு, பெட்டி வேறு



நம் திண்ணனூர் நாட்டில் சில வீடுகளில் டிவி இருக்க வேண்டிய பலகையின் மேல் இப்போது கம்ப்யூட்டர் மானிட்டர் உட்கார்ந்திருக்கிறது. பிரவுசிங் சென்டரை மூடியபோது வந்தது, கீழே வேலை பார்க்கும் பையன் புதிது வாங்கிவிட்டுப் பழையதைக் கொண்டு வந்து கொடுத்தது, அலுவலகக் கழிவுப் பொருள் ஏலத்தில் எடுத்தது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பூர்வீகம் உண்டு. கூரை மேல் குடை, குடையிலிருந்து ஒயர், ஒயருக்குச் செட்டாப் பாக்ஸ், அதிலிருந்து மானிட்டர். படம் நன்றாகவே தெரிகிறது. ஆனாலும் பெரியவர்களுக்கு ஒரு சந்தேகம் தீரவில்லை. "இது டிவியா, கம்ப்யூட்டரா? இதில் படம் பார்த்தால் கெட்டுப் போகாதா? ஏன் எல்லாரும் குண்டாகத் தெரிகிறார்கள்?" என்று என்னைக் கேட்கிறார்கள்.

கேள்வி சிறியதுதான். பதிலுக்கு நூறு வருடக் கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் சிறுவயதில் பிரெஞ்சு வழியில் படித்தவன். எந்தப் பொருளையும் முதலில் பகுத்து, பகுதிக்கொரு பெயர் வைத்து, அதன் பிறகே பேச வேண்டும் என்று எங்களைப் பழக்கினார்கள். பிறகு அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தபோது இருப்புப் பதிவேடும் அதே பாடத்தைத்தான் சொல்லிக் கொடுத்தது: ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு தலைப்பு, ஒரு பக்கம். ஆகவே டிவியையும் அப்படியே பகுத்துப் பார்ப்போம்.

ஒரே பெட்டிக்குள் இரண்டு வேலை

டிவிப் பெட்டி என்று நாம் சொன்னதில் உண்மையில் இரண்டு கருவிகள் இருந்தன. ஒன்று, காற்றில் வரும் அலையைப் பிடித்து, வேண்டிய நிலையத்தை மட்டும் பிரித்து எடுப்பது. இதற்கு டியூனர் என்று பெயர். மற்றது, அப்படி எடுத்ததைப் படமாகக் காட்டும் திரை. ரேடியோவில் ஒலிபெருக்கிக்கு என்ன வேலையோ, டிவியில் திரைக்கு அந்த வேலை.

வயதில் மூத்தது திரைதான். ஜெர்மனியில் பிரவுன் என்ற பேராசிரியர் 1897-ல் எதிர்மின் கதிர்க் குழாயைச் செய்தார். பிக்சர் டியூப் என்று நாம் சொல்வதன் பாட்டனார் அது. அப்போது ஒளிபரப்பு என்ற எண்ணமே கிடையாது. மின்சாரத்தின் அசைவைக் கண்ணால் பார்ப்பதற்காக ஆய்வுக்கூடத்தில் வைத்திருந்தார்கள். 1926 ஜனவரியில் லண்டனில் பேர்ட் தமது தொலைக்காட்சியைச் செய்து காட்டினார். அவர் முதலில் பயன்படுத்தியது சுழலும் தட்டு. பின்னால் எல்லாரும் குழாய்க்கு மாறினார்கள். பிரான்சில் 1935-ல் ஈபிள் கோபுரத்தின் உச்சியிலிருந்து படம் அனுப்பினார்கள். பெட்டி உயரத்தில் இருந்தால் போதாது, அனுப்பும் கம்பமும் உயரத்தில் இருக்க வேண்டும் என்பதை மலையில் வாழும் நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

நம் நாட்டில் 1959 செப்டம்பர் 15 அன்று டெல்லியில் தொலைக்காட்சி தொடங்கியது. பம்பாய்க்கு 1972-ல் வந்தது. சென்னைக்கு 1975 ஆகஸ்ட் 15 அன்று வந்தது. அதே 1975-ல்தான் அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்றை ஓராண்டுக்கு வாங்கி, ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்கு நேராக வானத்திலிருந்தே நிகழ்ச்சிகளை இறக்கிக் காட்டினார்கள். அந்த ஆறில் தமிழ்நாடு இல்லை. ஆனால் அங்கே செய்தது என்ன என்று கவனியுங்கள். கிராமத்தில் ஒரு பெரிய கம்பிவலைக் குடை, அதற்குத் தனியாக அலையை மாற்றிக் கொடுக்கும் கருவி, பிறகு ஒரு சாதாரணத் திரை. இன்று நம் ஓட்டுக்கூரை மேல் நடப்பதும் அதுவேதான். ஐம்பது வருடத்தில் குடை சிறுத்துவிட்டது, அவ்வளவே.

அந்தக் காலத்தில் ரேடியோ வைக்கவும் டிவி வைக்கவும் லைசென்ஸ் வேண்டும். தபால் ஆபீசில் பணம் கட்டிச் சின்னப் புத்தகத்தில் முத்திரை வாங்கியது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். 1980-களின் நடுவில் அதை எடுத்துவிட்டார்கள். அந்த லைசென்ஸ் எதற்கு என்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. படம் பார்ப்பதற்காக அல்ல, அலையை வாங்கும் கருவி வைத்திருப்பதற்காகத்தான் கட்டணம். சர்க்கார் அன்றைக்கே டிவியின் உயிர் எங்கே இருக்கிறது என்று சரியாகத்தான் கண்டுபிடித்து வைத்திருந்தது.

பாரிஸ் பெட்டியும் சென்னைப் படமும்

திரை வேறு, வாங்கும் கருவி வேறு என்பதற்குப் புதுச்சேரி, காரைக்கால் பக்கத்தவர்களுக்கு நல்ல உதாரணம் ஒன்று உண்டு. வண்ணத் தொலைக்காட்சிக்கு பிரான்சில் 'செகாம்' என்ற முறையை வைத்தார்கள். 1967 அக்டோபரில் அது தொடங்கியது. நாம் 1982-ல் வண்ணத்துக்கு மாறியபோது ஜெர்மானியர்கள் கண்டுபிடித்த 'பால்' முறையை எடுத்துக்கொண்டோம். அந்த ஆண்டு நவம்பரில் டெல்லியில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டிக்காக அவசர அவசரமாக நாடெங்கும் ஒளிபரப்புக் கோபுரங்கள் எழும்பின. விளைவு, பிரான்சில் அந்த ஊர் முறைக்கென்று மட்டும் செய்த பெட்டியைக் கப்பலேற்றி இங்கே கொண்டு வந்தால், நம்முடைய ஒளிபரப்பு அதில் சரிவர வராது. பிக்சர் டியூப் முதல்தரம், மரப்பெட்டி முதல்தரம், ஆனால் உள்ளே இருப்பவருக்கு நம் பாஷை தெரியாது. இரு பாஷையும் தெரிந்த பெட்டிகள் பிறகுதான் பெருகின. இன்று ஒரு மானிட்டரை பாரிசில் வாங்கினாலும் சோளக்காட்டில் வைக்கலாம். பாஷையைப் புரிந்துகொள்ளும் வேலை முழுவதும் செட்டாப் பாக்ஸ் தலையில் விழுந்துவிட்டது.

டிவியே மானிட்டராக இருந்த காலம்

மானிட்டரை டிவியாக்குகிறோம் என்று இன்று வியக்கிறோம். கதை முதலில் தலைகீழாகத்தான் நடந்தது. 1980-களின் தொடக்கத்தில் வீட்டுக் கம்ப்யூட்டர்கள் விற்பனைக்கு வந்தபோது அவற்றோடு திரை வராது. இங்கிலாந்தில் 1982-ல் வந்த ஸ்பெக்ட்ரம் என்ற சின்னக் கம்ப்யூட்டரைக் கூடத்து டிவியின் ஆண்டெனாத் துளையில்தான் சொருக வேண்டும். கம்ப்யூட்டர் தன்னை ஒரு டிவி நிலையம் போலக் காட்டிக்கொள்ளும். டிவியும் அதை நம்பிவிடும். அப்பா செய்தி பார்க்க வேண்டும் என்றால் பிள்ளை கம்ப்யூட்டரைக் கழற்ற வேண்டும்.

பிரான்சில் ஒரு படி மேலே போனார்கள். 1980 முதல் அங்கே விற்கும் புது டிவிகளின் பின்னால் 'பெரிதெல்' என்ற இருபத்தோரு முனைத் துளை இருக்க வேண்டும் என்று சர்க்காரே விதி வைத்தது. ஆண்டெனாவையும் டியூனரையும் தொடாமல், வெளிக் கருவியிலிருந்து படத்தையும் ஒலியையும் நேராகத் திரைக்குக் கொண்டு போகும் வாசல் அது. திரைக்குத் தனி வாசல் வைத்த நாளிலிருந்தே பெட்டி இரண்டாகப் பிரியத் தொடங்கிவிட்டது என்பது என் எண்ணம்.

நம் நாட்டிலும் 1984-ல் 'கிளாஸ்' என்ற திட்டத்தில் சுமார் 250 பள்ளிகளுக்கு பிபிசி மைக்ரோ கம்ப்யூட்டர்கள் வந்தன. நம் மலைக்கு அது எட்டவில்லை என்று சொல்லத் தேவையில்லை.

டிவியில் எழுத்து வாசிப்பது கண்ணுக்கு வேதனை. முகங்களையும் மைதானத்தையும் எட்ட நின்று பார்ப்பதற்காகச் செய்த திரை அது. கிட்டே உட்கார்ந்து கணக்குப் பார்க்க உதவாது. ஒரு வரிக்கு முப்பது நாற்பது எழுத்துக்கு மேல் போட்டால் மசமசவென்று ஆகிவிடும். அலுவலகக் கடிதத்துக்கு எண்பது எழுத்தாவது வேண்டும். ஆகவே 1981-ல் ஐபிஎம் தன் கம்ப்யூட்டரைக் கொண்டு வந்தபோது அதற்கென்றே கூர்மையான தனித் திரை விற்றது. 1987-ல் விஜிஏ வந்தது. நீல நிறத் தலையும் பதினைந்து முனையும் கொண்ட அந்த ஒயரை அரசு அலுவலகத்தில் இருந்த அத்தனை பேரும் பார்த்திருப்போம். அன்றிலிருந்து மானிட்டருக்கு டியூனரும் இல்லை, ஸ்பீக்கரும் இல்லை. பதிவேட்டில் டிவி ஒரு பக்கம், மானிட்டர் வேறு பக்கம் ஆயிற்று.

2000-ஆம் ஆண்டு வாக்கில் நம் ஊர்க் கடைகளில் 'டிவி டியூனர் பாக்ஸ்' என்று ஒன்று விற்றது உங்களுக்கு நினைவிருக்கலாம். கேபிள் ஒயரை ஒரு பக்கம் செருகி, மறுபக்கம் மானிட்டரைச் செருக வேண்டும். ரிமோட்டும் உண்டு. கல்லூரி விடுதிகளிலும் சின்னக் கடைகளிலும் இரவில் கிரிக்கெட் பார்த்தது அதில்தான். பிரித்து வைத்த இரண்டையும் நம் ஆட்கள் சில நூறு ரூபாயில் மறுபடி சேர்த்துவிட்டார்கள்.

சதுரம் எப்படி அகலம் ஆயிற்று

இனி, ஏன் எல்லாரும் குண்டாகத் தெரிகிறார்கள் என்ற கேள்விக்கு வருவோம்.

சினிமாப் படத்தின் முதல் வடிவத்தை வகுத்தவர் எடிசனிடம் வேலை பார்த்த டிக்சன். படச்சுருளின் ஓரத்துத் துளைகளில் நான்கை ஒரு படத்துக்கு என்று வைத்தார். அதனால் அகலம் நான்கு பங்கு, உயரம் மூன்று பங்கு என்ற வடிவம் அமைந்தது. பேசும் படம் வந்தபின் ஒலிக்கு இடம் விட்டதில் சிறு மாறுதல் நேர்ந்தது, அவ்வளவுதான். 'பராசக்தி' (1952), 'வீரபாண்டிய கட்டபொம்மன்' (1959) எல்லாம் ஏறத்தாழ இந்த வடிவம்தான். டிவி பிறந்தபோதும் சினிமாவைப் பார்த்து அதே நான்குக்கு மூன்றை எடுத்துக்கொண்டது.

டிவி வீட்டுக்குள் புகுந்து கொட்டகையைக் காலி செய்யத் தொடங்கியதும் ஹாலிவுட்காரர்களுக்குப் பயம் வந்துவிட்டது. வீட்டில் கிடைக்காத ஒன்றைக் காட்ட வேண்டுமே! அதற்கு உதவியவர் ஒரு பிரெஞ்சுக்காரர். ஆன்ரி கிரெத்தியான் என்ற வானியல் அறிஞர் 1920-களிலேயே ஒரு லென்ஸ் செய்து வைத்திருந்தார். அகலமான காட்சியைப் படம் பிடிக்கும்போது பக்கவாட்டில் ஒடுக்கிச் சுருளுக்குள் அடக்கும். கொட்டகையில் காட்டும்போது மறுபடி விரிக்கும். அதைப் பெரிதாகக் கண்டுகொள்ள ஆளில்லாமல் கால் நூற்றாண்டு போயிற்று. ஃபாக்ஸ் நிறுவனத்தார் அதை வாங்கி, சினிமாஸ்கோப் என்று பெயரிட்டு, 1953-ல் 'தி ரோப்' படத்தை வெளியிட்டார்கள். இந்தியில் குருதத்தின் 'காகஸ் கே பூல்' 1959-ல் வந்தது. தமிழில் முதல் சினிமாஸ்கோப் 1973-ல் வந்த 'ராஜராஜ சோழன்'. சிவாஜி கணேசன் கொட்டகைத் திரையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை நடந்து போனதைச் சேலத்திலோ நாமக்கல்லிலோ பார்த்தவர்கள் உங்களில் இருப்பீர்கள்.

அகலப் படத்தைச் சதுர டிவியில் போட்டால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை. சதுரப் படத்தை அகலத் திரையில் போட்டால் இரு பக்கமும் கறுப்புப் பட்டை. 1980-களில் அமெரிக்காவில் கெர்ன்ஸ் பவர்ஸ் என்ற பொறியாளர், எல்லா வடிவங்களையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்து, இரண்டு தரப்புக்கும் அதிக நஷ்டம் வராத நடுவழி எது என்று கணக்குப் போட்டார். பதினாறுக்கு ஒன்பது என்று விடை வந்தது. இன்று உலகம் முழுதும் டிவி இந்த வடிவம்தான். இது யாருக்கும் முழுத் திருப்தி தராத, எல்லாரும் ஒப்புக்கொண்ட ஒரு பஞ்சாயத்துத் தீர்ப்பு.

மானிட்டர் இதில் எப்படி வந்து சேர்ந்தது? தட்டைத் திரைகளைப் பெரிய பெரிய கண்ணாடித் தகடாக வார்த்து, பிறகு துண்டு போடுகிறார்கள். டிவிக்கு ஒரு வடிவம், மானிட்டருக்கு வேறு வடிவம் என்று வெட்டினால் சேதாரம். வேட்டித் துணியும் சட்டைத் துணியும் ஒரே பீசில் வெட்டுகிற தையல்காரருக்கு இது புரியும். மானிட்டர் முதலில் பதினாறுக்குப் பத்து என்று அகலமாயிற்று. 2008-ஐ ஒட்டி டிவியின் பதினாறுக்கு ஒன்பதுக்கே வந்துவிட்டது. எழுத்து வேலைக்கு உயரம்தான் முக்கியம். ஒரு பக்கத்தை முழுதாகப் பார்க்க வேண்டும். எங்களைப் போன்ற எழுத்தர்களை யாரும் கேட்கவில்லை. கண்ணாடிச் சேதாரம் தீர்மானித்தது. ஆனால் அதனால்தான் உங்கள் வீட்டு மானிட்டர் இன்று டிவிக்கு அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்துகிறது.

இப்போது கணக்கைப் பாருங்கள். நான்குக்கு மூன்று படத்தைப் பதினாறுக்கு ஒன்பது திரை முழுதும் இழுத்தால், ஒவ்வொருவரும் மூன்றில் ஒரு பங்கு அகலம் கூடிவிடுவார்கள். எம்.ஜி.ஆர். குண்டாவதும் பத்மினியின் முகம் வட்டமாவதும் அதனால்தான். செட்டாப் பாக்ஸின் ரிமோட்டில் அமைப்புகள் என்று ஓர் இடம் உண்டு. அதில் 4:3 என்றும் 16:9 என்றும் இருக்கும். பழைய படம் ஓடும்போது மாற்றிக்கொள்ளலாம். பக்கத்தில் கறுப்பு வருகிறதே, காசு வீணாகிறதே என்று நினைக்க வேண்டாம். 22 அங்குல அகல மானிட்டரில் பக்கப் பட்டை விட்டு ஓடும் பழைய படம், மூலைக்கு மூலை 18 அங்குலம் இருக்கும். சர்க்கார் கொடுத்த 14 அங்குல டிவியைவிட அது பெரியது.

டிவியா, மானிட்டரா? வழக்கு ஜெனீவா வரை போனது

நம் பாட்டிகள் கேட்கும் கேள்வியை உலக வர்த்தக நிறுவனத்திலும் கேட்டார்கள் என்றால் நம்புவீர்களா?

1997 முதல் நடைமுறைக்கு வந்த ஓர் ஒப்பந்தப்படி கம்ப்யூட்டர் சாமான்களுக்குச் சுங்கவரி கிடையாது. இந்தியாவும் அதில் சேர்ந்தது. டிவிக்கு அந்தச் சலுகை இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தார் ஒரு யோசனை செய்தார்கள். புது மானிட்டர்களில் வீடியோப் படமும் காட்டலாமே, அப்படியானால் அது கம்ப்யூட்டர் சாமான் மட்டும் அல்லவே என்று சொல்லி, சில வகைத் தட்டைத் திரைகளுக்கும் சில வகைச் செட்டாப் பாக்ஸ்களுக்கும் 14 விழுக்காடு வரை வரி போட்டார்கள். அமெரிக்காவும் ஜப்பானும் தைவானும் 2008-ல் வழக்குத் தொடுத்தன. 2010 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது, ஐரோப்பியர் தோற்றார்கள்.

பிரான்சின் வரி அலுவலகம் இதைவிடத் தெளிவு. அங்கே டிவி வைத்திருப்பவர் ஆண்டுக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. 2022-ல்தான் அதை ஒழித்தார்கள். அதுவரை டியூனர் இல்லாத வெறும் மானிட்டருக்குக் கட்டணம் இருக்கவில்லை. அதே மானிட்டரோடு ஒளிபரப்பை வாங்கும் கருவியைச் சேர்த்து வைத்தால் கட்டணம் இருந்தது. நான் படித்த மொழியின் ஆட்கள் என்பதற்காகச் சொல்லவில்லை, இவ்வளவு சுருக்கமான விளக்கத்தை வேறெங்கும் பார்க்கவில்லை. வாங்கும் கருவி சேர்ந்தால் டிவி, இல்லாவிட்டால் கண்ணாடி.

நம் ஜிஎஸ்டியும் பிறகு அந்த வழிக்கு வந்தது. 2019 ஜனவரி 1 முதல் 32 அங்குலம் வரை டிவியானாலும் மானிட்டரானாலும் ஒரே 18 விழுக்காடு. 2025 செப்டம்பர் 22 முதல் அதைவிடப் பெரியவற்றுக்கும் அதே விகிதம்.

மலைக்கு வந்த பெட்டி

இனி நம் கதை. தொலைக்காட்சி அலை நேர்கோட்டில் போவது. மலை குறுக்கே நின்றால் நின்றுவிடும். எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி வரும் நமக்கு, மேட்டில் வீடு கட்டியவருக்குப் படம், பள்ளத்தில் வீடு கட்டியவருக்கு வெறும் புள்ளி மழை என்பதுதான் விதியாக இருந்தது. ஆண்டெனாவை மூங்கிலில் கட்டி, ஒருவர் திருப்ப, ஒருவர் வாசலில் நின்று "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், ஆ, போச்சு!" என்று கத்திய காலம் அது.

2006 செப்டம்பர் 15 அன்று, அண்ணா பிறந்த நாளில், தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தைத் தொடங்கியது. 14 அங்குலப் பெட்டி. எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்தது. 2011 வரை ஒன்றரைக் கோடிக்கும் மேல் கொடுத்தார்கள். இதை ஓட்டுக்கான தூண்டில் என்றவர் உண்டு. ஏழை வீட்டுக்குள் முதன்முதலாக வந்த உலகம் என்றவரும் உண்டு. அந்த வாதத்துக்குள் நான் போகவில்லை. நம் விஷயத்துக்கு வேண்டியது ஒன்றுதான்: சர்க்கார் கொடுத்தது திரையை. படத்தை அல்ல. பெட்டி வந்த பிறகு, அதற்குள் படம் வர மாதாமாதம் யாருக்குப் பணம் கட்டுவது என்ற கேள்வி வந்தது. 2007-ல் அரசு கேபிள் டிவி நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 2011-ல் மாதம் 70 ரூபாய் என்று கட்டணம் வைத்தார்கள். கேபிள் இழுக்க முடியாத நம் சரிவுகளுக்குக் குடைதான் கை கொடுத்தது. தூர்தர்ஷனின் கட்டணமில்லா வானொளிச் சேவை 2004 டிசம்பரில் தொடங்கியிருந்தது. ஒருமுறை குடையும் பாக்ஸும் வாங்கினால் மாதக் கட்டணம் இல்லை. 2007 முதல் சன் டைரக்டும் வந்தது. வானத்திலிருந்து வருவதற்கு மேடும் பள்ளமும் ஒன்று. பள்ளத்து வீட்டுக்காரரும் மேட்டு வீட்டுக்காரரும் முதன்முறையாகச் சமம் ஆனார்கள்.

அந்த நாளோடு டிவிக்குள் இருந்த டியூனருக்கு வேலை போய்விட்டது. வேலை பார்ப்பது வெளியே இருக்கும் பாக்ஸ். பெட்டி வெறும் திரை. அதனால்தான் அந்தத் திரை செத்துப் போனால், அந்த இடத்தில் மானிட்டரை வைத்தாலும் பாக்ஸுக்கு வித்தியாசம் தெரிவதில்லை. பிக்சர் டியூப் இனிக் கிடைக்காது, தவணையில் ஸ்மார்ட் டிவி எடுத்துக்கொள்ளுங்கள் என்று கீழே கடையில் சொன்னால், உடனே கையெழுத்துப் போட வேண்டியதில்லை. மிளகு விலையும் காப்பி விலையும் பார்த்துக் குடும்பம் நடத்துகிறவர்கள் நாம். மாதத் தவணை என்பது சின்ன விஷயம் அல்ல.

இணைக்கும்போது கவனிக்க வேண்டியவை

பாக்ஸிலும் மானிட்டரிலும் எச்டிஎம்ஐ துளை இருந்தால் ஒரே ஒயர் போதும். இந்த முறை 2002 கடைசியில் வந்தது. படமும் ஒலியும் சேர்ந்தே போகும். மானிட்டரில் பழைய நீல விஜிஏ மட்டும் இருந்தால் இடையில் மாற்றுக் கருவி ஒன்று வேண்டும். மஞ்சள், வெள்ளை, சிவப்பு மூன்று முனை மட்டும் உள்ள பழைய இலவசக் குடைப் பாக்ஸுக்கும் அதற்கேற்ற மாற்றுக் கருவி உண்டு. படம் சற்று மங்கலாக இருக்கும். எல்லாம் சரியாகச் செருகியும் திரை கறுப்பாகவே இருந்தால், மானிட்டர் கெட்டுவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். திருட்டுப் பதிவைத் தடுக்க எச்டிஎம்ஐ வழியில் ஒரு பூட்டு இருக்கிறது. மிகப் பழைய மானிட்டர்களிடம் அதற்குச் சாவி இல்லை.

படம் வந்து சத்தம் வராவிட்டால் பயப்படாதீர்கள். பெரும்பாலான மானிட்டரில் ஸ்பீக்கர் இல்லை. பாக்ஸின் வெள்ளை, சிவப்புத் துளையிலிருந்து ஒரு சின்ன ஸ்பீக்கருக்கு ஒயர் கொடுத்தால் போதும். காது மந்தமான நமக்கு அதுவே நல்லது. ஸ்பீக்கரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று முக்கியம். மானிட்டர் என்பது நாற்காலியில் நேரே உட்கார்ந்து பார்க்கும் ஒருவருக்காகச் செய்தது. நாமோ தரையில் பாய் விரித்து உட்காருகிறவர்கள். விலை மலிவான மானிட்டர்கள் பலவற்றைக் கீழிருந்து அண்ணாந்து பார்த்தால் படம் இருண்டு, நிறம் மாறி, சில சமயம் நெகடிவ் போலவும் தெரியும். டிவி இருந்த உயரமான பலகையிலேயே அதை வைத்துவிட்டு, படம் சரியில்லை என்கிறார்கள். ஒரு முழ உயர முக்காலிக்கு இறக்குங்கள். இல்லாவிட்டால் முகத்தைச் சற்றுக் கீழே சாய்த்து வையுங்கள். இரண்டு பக்கமும் உட்காருகிற பிள்ளைகளையும் நடுவில் தள்ளி உட்காரச் சொல்லுங்கள். நெருக்கியடித்து உட்கார்ந்தால்தான் நன்றாகத் தெரியும் என்பது ஒருவகையில் நல்லதுதான். ஊராட்சி டிவி அறையில் அப்படித்தான் பார்த்தோம்.

கெட்டுப் போகுமா என்ற கேள்விக்குப் பதில்: போகாது. கம்ப்யூட்டரிலிருந்து வரும் படமும் பாக்ஸிலிருந்து வரும் படமும் திரைக்கு ஒன்றுதான். மின்சாரமும் பழைய குழாய் டிவியைவிடக் குறைவாகவே பிடிக்கும்.

பழைய பெட்டியை என்ன செய்வது

மானிட்டர் வந்ததும் செத்த டிவி வெளியே போகிறது. எங்கே போகிறது என்பதுதான் என் கவலை. குழாய் டிவியின் கண்ணாடியில், குறிப்பாகப் பின்பக்கப் புனல் போன்ற பகுதியில், ஈயம் கலந்திருக்கிறது. உள்ளிருந்து வரும் எக்ஸ் கதிரைத் தடுக்கப் போட்டது அது. முழுதாக இருக்கும்வரை ஆபத்தில்லை. செம்புக் கம்பிக்காகக் கல்லால் உடைத்து, மிச்சத்தை ஓடையில் வீசினால், மழையில் அந்த ஈயம் எங்கே போகும்? நம் மலையின் ஓடைகள் கூடித்தான் அய்யாறு. அந்த அய்யாறுதான் அறப்பளீஸ்வரர் கோயிலுக்குக் கீழே ஆகாய கங்கையாக விழுகிறது. நாம் தலைக்கு ஊற்றிக்கொள்கிற தண்ணீர்.

மின்னணுக் கழிவுக்கென்று 2022-ல் புது விதிகள் வந்து, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கின்றன. பழையதைத் திரும்பப் பெற்று முறையாக அழிக்க ஏற்பாடு செய்வது தயாரிப்பாளர் பொறுப்பு. விதி செம்மேட்டுக்கு ஏறி வர நாளாகலாம். அதுவரை நாம் செய்யக்கூடியது உண்டு. பிள்ளைகளை உடைக்க விடாதீர்கள். குழாயின் உள்ளே காற்றில்லாத வெற்றிடம், உடைந்தால் கண்ணாடி சிதறும். மூடியைக் கழற்றவும் வேண்டாம். மின்சாரம் துண்டித்த பிறகும் உள்ளே அதிர்ச்சி தரும் அளவு மின்சாரம் தங்கியிருக்கும். முழுசாக அப்படியே சாக்கில் கட்டி வையுங்கள். ஐந்தாறு வீட்டுப் பெட்டிகள் சேர்ந்தால், வாழைத்தார் ஏற்றிக் கீழே போகிற வண்டியில் ஏற்றி, அனுமதி பெற்ற மின்னணுக் கழிவுச் சேகரிப்பாளரிடம் சேர்த்துவிடலாம். ஊராட்சி மூலமாக ஒரு நாள் குறித்துச் செய்தால் இன்னும் எளிது. அடுத்த கிராமசபைக் கூட்டத்தில் இதை எழுதிக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். விருப்பமுள்ளவர்கள் உடன் கையெழுத்திடுங்கள்.